சம்பந்திகள் வாங்கிய வீடு

ஜனவரி 2, வியாழன்

முப்பத்து நான்கு வருடங்களில் முதல்முறையாக, உடம்பு சரியாக இருந்தும் ஒரு வேலை நாளில் வீட்டில் இருக்கிறேன். எட்டேகாலுக்குக் கை தானாக டிபன் டப்பாவைத் தேடியது.

பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. கணக்குப் பிரிவு. செவ்வாய்க்கிழமை சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் இந்த டயரியும் கொடுத்து அனுப்பினார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து இருபத்தொன்பது லட்சம் வரும். மாதாமாதம் வரப்போகும் பென்ஷன் மூவாயிரத்து நூறு. அதில் பிரஷர் மாத்திரையும் கேஸ் சிலிண்டரும் வாங்கலாம். மற்றதற்கு வழி செய்ய வேண்டும்.

வில்லிவாக்கத்தில் என் கணவர் விட்டுப்போன இந்தச் சின்ன வீடு இருக்கிறது. அதனால் தலைக்கு மேல் கூரை பற்றிக் கவலையில்லை. இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் மாதச் சம்பளம் போல ஒன்று வரும். மகன் நாதனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாம், அவசரமில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இப்படி நடக்கும் என்று நினைக்கவேயில்லை.

தரகர் எத்திராஜ் பெரம்பூரில் ஒரு ஃபிளாட் காட்டுகிறேன் என்றார். போனால் கதவு திறந்திருந்தது. உள்ளே சமையலறைக் குழாயைத் திறந்து மூடிக்கொண்டு ஒரு அம்மா நின்றார். திரும்பினார். என் சம்பந்தி.

மருமகள் அபிராமியின் அம்மா, மங்களாம்பிகை. அயனாவரத்தில் மங்களா மெஸ் நடத்துகிறார். கல்யாணம் ஆகி மூன்று வருடம். கல்யாணச் சமையலை அவரே செய்தார். பந்தியில் என் அண்ணன் "சாம்பார்ல யாரு வெல்லத்தக் கொட்டுனது, நாங்க தென்காசிக்காரங்க" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்களுக்குள் தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

"வாங்க சம்பந்தி" என்றார், ஏதோ அவர் வீட்டுக்கே நான் வந்ததுபோல.

"நீங்க எங்க இங்க?"

"சும்மா, தெரிஞ்சவங்களுக்காகப் பாக்க வந்தேன். நீங்க?"

"நானும் தெரிஞ்சவங்களுக்குத்தான்."

எத்திராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மேடமும் தனக்குத்தான்னு எங்கிட்ட சொன்னீங்களே" என்றார்.

பின்னால் ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி ஆடியது. அறுபத்திரண்டு லட்சம் சொன்னார்கள். இரண்டு பேரும் கீழே இறங்கி வந்தோம். ஆட்டோவுக்கு நிற்கும்போது சம்பந்தி அம்மா மெதுவாகச் சொன்னார்: "அபிராமிக்குத் தெரிய வேண்டாம்."

"நாதனுக்கும்" என்றேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு நாதனும் அபிராமியும் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார்கள். சம்பந்தி அம்மாவையும் மதியம் சாப்பிட அழைத்திருந்தேன். அவியல், பருப்பு வடை, பால் பாயசம். வடை கொஞ்சம் கருகிவிட்டது. சம்பந்தி அம்மா உட்காரவேயில்லை, எங்களுக்குப் பரிமாறிக்கொண்டே நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் நாதன் லேப்டாப்பைத் திறந்தான். பெங்களூரில் ஒரு அடுக்குமாடி, பதினெட்டாவது மாடி, மூன்று படுக்கையறை. விலையைப் பார்த்து நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"உங்க பணம் சும்மாதானம்மா இருக்கு. அத முன்பணமா கட்டிரலாம். அப்புறம் இந்த வில்லிவாக்கம் வீட்டையும் வித்துட்டா கடன் கம்மியாயிரும். நீங்க எங்ககூட வந்துருங்க. உங்களுக்குன்னே ஒரு ரூம் இருக்கு பாருங்க." திரையில் அந்த அறையைக் காட்டினான். ஒரு கட்டில் போட்டுப் படம் வரைந்திருந்தது. நல்ல பிள்ளை, அன்பாகத்தான் சொன்னான்.

"பணத்த எஃப்டில போட எழுதிக் குடுத்துட்டேன்பா. கம்பெனியிலயே வாங்கிட்டாங்க." எப்படி இந்தப் பொய் என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"எஃப்டின்னா உடைக்கலாமே."

நான் பாயசக் கிண்ணத்தைப் பார்த்தேன். சம்பந்தி அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அது அப்படி இல்ல மாப்பிள்ளை. அது ஒரு மாதிரி எஃப்டி. அஞ்சு வருஷம் தொட முடியாதாம். என் மெஸ்ஸுக்கு வர்ற ஒரு பேங்க்காரர் சொன்னாரு" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஓஎம்ஆர்ல ஒண்ணு காட்டுறாராம் எத்திராஜ். ஆட்டோவுக்கு நானூறு ஆகும். ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம், என்ன சொல்றீங்க?"

ஜனவரி 19, ஞாயிறு

ஆட்டோ செலவு மிச்சம் என்பதால்தான் சேர்ந்து போனேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் புதுக் கட்டடம், அறுபத்தெட்டு லட்சம். மாதிரி வீடு என்று ஒன்றை அலங்கரித்து வைத்திருந்தார்கள். அறைகள் பெரிதாகத் தெரிந்தன. சம்பந்தி அம்மா கட்டிலில் போய்ப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இந்தக் கட்டில் எட்டு வயசுப் பிள்ளைக்குச் செஞ்சது. கட்டிலச் சின்னதாப் போட்டா ரூம் பெருசாத் தெரியும்ல" என்றார், படுத்தபடியே. விற்பனைப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

வாசலில் காவலாளியோடு பேச்சுக் கொடுத்தார். பக்கத்துக் கட்டடத்தில் நாற்பது வீடு இரண்டு வருடமாகக் காலியாம். வாடகைக்கு ஆள் வந்தாலும் தண்ணீர் லாரிச் செலவைப் பார்த்து ஓடிவிடுகிறார்களாம். இதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

திரும்பும் வழியில் சுண்டல் வாங்கினோம். அவர்தான் காசு கொடுத்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நுங்கம்பாக்கம். ஒரு கோடியே இருபது லட்சம். வாங்க வரவில்லை, விலை எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான். மாத வாடகை முப்பதாயிரம் வருகிறதாம். மனதுக்குள் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். போட்ட பணத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய். வங்கியில் போட்டால் ஏழு கிடைக்கும்.

"அப்ப எதுக்கு எல்லாரும் வீடு வாங்குறாங்க?" என்று கேட்டார் சம்பந்தி அம்மா.

"வாடகை வருஷா வருஷம் ஏறும், வட்டி ஏறாது. நிலத்துக்கும் விலை ஏறும். அதனால முதல்லயே விலை கம்மியா, வாடகை நல்லா வர்ற இடமாப் பாக்கணும். அப்புறம், ஃபிளாட்டுன்னா கட்டடத்துக்கு வயசாகிட்டே போகும். நம்ம பேருக்கு எவ்வளவு நிலம் எழுதுறாங்கன்னுதான் பாக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதெல்லாம் எங்க படிச்சீங்க சம்பந்தி?"

முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் பணத்தைக் கணக்குப் பார்த்தவள் என்று சொன்னேன்.

வட்டியை விட்டு வீடுதான் என்று முடிவெடுத்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. எஃப்டியை உடைக்கச் சொன்னால் உடைத்துக் கொடுத்துவிடுவேன். வீட்டை அப்படி உடைக்க முடியாது. இதை அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பணம் வங்கியில் வந்துவிட்டது. பாஸ்புக்கை மூன்று முறை பார்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தனித்தனியாக இரண்டு பேருக்கும் வழியில்லை என்பது தெளிவாகிவிட்டது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சம்பளம் இல்லை, எந்த வங்கியும் கடன் தராது. மருந்துக்கும் அவசரத்துக்கும் நான்கு லட்சம் ஒதுக்கினால் என்னிடம் இருபத்தைந்து. அவரிடம் சேமிப்பு பத்து. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, பதினான்கு வருடமாகத் தனியாக மெஸ் நடத்துகிறார், பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. இன்னும் எத்தனை வருடம் அடுப்படியில் நிற்பது?

இதையெல்லாம் மெஸ்ஸில் மதியக் கூட்டம் அடங்கிய பிறகு பேசினோம். அவர்தான் சொன்னார்: "ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு வாங்குனா என்ன?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து சரி என்றேன்.

அவர் வைத்த மீன் குழம்பு நன்றாகவே இருந்தது. என் அண்ணனுக்கு நாக்கு சரியில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொளத்தூரில் ஒன்று, முப்பத்தெட்டு லட்சம். காற்றோட்டம், இரண்டு பக்கமும் ஜன்னல், பலகணியில் துளசித் தொட்டி. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இன்றைக்கே ஒரு லட்சம் முன்பணம் தராவிட்டால் மாலையில் வேறு பார்ட்டி வருகிறது என்றார் எத்திராஜ். நான் செக் புத்தகத்தையே எடுத்துவிட்டேன்.

மங்களா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வக்கீல் பாக்கட்டும். மீன் வாங்கும்போதே செவுளத் தூக்கிப் பாத்துட்டுத்தான வாங்குறோம்."

பிப்ரவரி 20, வியாழன்

வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டார். அந்த நிலம் ஐந்து பேருக்குச் சொந்தமானது. நான்கு அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார்கள். ஒரு தங்கை இருந்திருக்கிறாள். அவளை யாரும் கேட்கவேயில்லை.

"நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கேட்டா?" என்றார் மங்களா.

"கேக்கட்டும், அவளுக்கு நியாயம்தான்" என்றேன். இரண்டு பேருக்கும் அந்த வீடு அப்போதே வேண்டாமென்று ஆகிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டோம். அப்படித்தான் நினைக்கிறேன்.

கீழ்ப்பாக்கத்துக்கும் அயனாவரத்துக்கும் நடுவில் ஒரு தெரு. பழைய கட்டடம், முப்பது வயது. எட்டு வீடுகள், லிஃப்ட் கிடையாது. முதல் மாடி. சுவருக்கெல்லாம் யாரோ மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஒரு வண்ணம் அடித்திருக்கிறார்கள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. இரண்டு அறைகளும் தலா இரண்டு கட்டில் போடும் அளவு விசாலம். நம் பெயரில் வரும் நிலம் நானூற்றுப் பத்துச் சதுர அடி. புதிய கட்டடங்களில் இதில் பாதிகூடத் தரமாட்டார்கள். கேட்பது நாற்பத்தெட்டு லட்சம்.

எனக்குத் திருப்தியில்லை. "இந்த மூஞ்சிக்கு யாரு வாடகைக்கு வருவா?" என்றேன்.

மங்களா என்னைக் கூட்டிக்கொண்டு தெரு முனைக்கு நடந்தார். அங்கே பெரிய தனியார் ஆஸ்பத்திரி. மணி இரண்டு. ஷிஃப்ட் முடிந்து நர்ஸ்கள் வெளியே வந்தார்கள். பத்து, இருபது, ஐம்பது பேர். எல்லோரும் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினார்கள். மங்களா ஒரு பெண்ணை நிறுத்தினார்.

"எங்கம்மா தங்கியிருக்க?"

"அம்பத்தூர் தாண்டிப் போவணும் ஆன்ட்டி. ஹாஸ்டல். ஒரு ரூம்ல எட்டு பேரு."

"இங்கேயே நடக்குற தூரத்துல ஒரு வீடு, ரூமுக்கு ரெண்டு பேருதான்னு இருந்தா என்ன தருவ?"

அந்தப் பெண் யோசிக்கவேயில்லை. "ஆறாயிரம் தருவேன் ஆன்ட்டி. எப்ப காலியாவும்?"

நான்கு பேர், இருபத்து நான்காயிரம். நடைபாதையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஆறு. இரண்டு மாதமாக வீடுகளைப் பார்த்தேன், வாடகைக்கு வரப்போகிறவர்களைப் பார்க்கத் தோன்றவேயில்லை. முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவளுக்கு மெஸ் நடத்துகிறவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

மார்ச் 6, வியாழன்

நாற்பத்தாறுக்கு இறங்கி வந்தார்கள். ஒழுகும் குழாயைப் பற்றி மங்களா அரை மணி நேரம் பேசினார். பத்திரச் செலவு சேர்த்து ஐம்பது லட்சத்துச் சொச்சம். ஆளுக்கு இருபத்தைந்து. வக்கீலும் இந்த முறை எல்லாம் சரி என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

வங்கி. இரண்டு பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனோம். மங்களாவின் பங்கில் குறையும் பதினைந்து லட்சத்துக்கு வீட்டுக் கடன் கேட்டோம். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"வீடு ரெண்டு பேர் பேர்லயும்னா, ரெண்டு பேரும் சேந்துதான் மேடம் கடனும் வாங்கணும். நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"சம்பந்தி."

கம்ப்யூட்டரில் தேடினாள். கணவன் மனைவி இருந்தது. அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரன் எல்லாம் இருந்தது. "சம்பந்தின்னு ஒண்ணு லிஸ்ட்லயே இல்லையே மேடம்."

"எப்படி இல்லாமப் போகும்? எண்ணூறு பேரு சாப்பிட்ட கல்யாணம் அது. நான்தான் சமைச்சேன்" என்றார் மங்களா.

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பெரிய பாடுபட்டாள். ஆனால் முடியாது என்றால் முடியாதுதான். வேறு இரண்டு வங்கிகளிலும் இதே பதில்.

மார்ச் 13, வியாழன்

மங்களா ஒரு வழி சொல்கிறார். மெஸ் இருக்கும் கட்டடம் அவர் பெயரில் இருக்கிறது. கீழே மெஸ், மேலே அவர் குடியிருக்கும் அறை. அதை அடமானம் வைத்தால் அவர் பெயரிலேயே பதினைந்து லட்சம் கிடைக்கும். மாதத் தவணை கிட்டத்தட்ட பதினெட்டாயிரம், பன்னிரண்டு வருடம்.

அதாவது, புது வீட்டில் எனக்குச் சரிபாதி. அடமானம் மட்டும் அவருடைய கட்டடத்தின் மேல். தவணை தவறினால் மெஸ் போய்விடும், எனக்கு ஒன்றும் ஆகாது.

"நான் கட்டிருவேன் சம்பந்தி" என்றார். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

ஜலதோஷம். எங்கும் போகவில்லை.

மார்ச் 15, சனி

ஜலதோஷம். மங்களா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை, ஜலதோஷம் என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் கதவு தட்டப்பட்டது. மங்களா, கையில் மிளகு ரசம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஜலதோஷம்னு மெசேஜ் போட்டீங்க, மூக்கே சிவக்கலையே" என்றார்.

உட்கார வைத்து உள்ளதைச் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்கு மங்களா. உங்க சோறு போடுற இடத்த எனக்காக அடமானம் வைக்கப் போறீங்க. நாளைக்கு வாடகை வரலன்னா நான் எப்படி உங்க மூஞ்சில முழிப்பேன்? அபிராமி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவர் ஒரு டம்ளரில் ரசத்தை ஊற்றி என் முன்னால் வைத்தார். பிறகு, "உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் வைக்கிறேன்" என்றார். "அவரு போனப்ப ஊர்ல அண்ணன் கூப்பிட்டாரு, பின்கட்டுல ஒரு ரூம் இருக்கு வான்னு. நான் போகல. இப்ப முழங்கால் போனா மறுபடி எவனாவது ஒரு ரூமக் காட்டுவான். அதுக்குள்ள எனக்குன்னு ஒரு வரும்படி வேணும். நீங்க வேண்டாம்னா சொல்லிருங்க, கோச்சுக்க மாட்டேன்."

நாதன் திரையில் காட்டிய அந்த அறை எனக்கு ஞாபகம் வந்தது. அதில் வரைந்திருந்த கட்டிலும்.

டம்ளர் ரசம் முழுவதையும் குடித்து முடித்தேன். என் நிபந்தனையைச் சொன்னேன். வாடகையிலிருந்து முதலில் கடன் தவணை போகட்டும். மீதி ஆறாயிரம் எனக்கு. கடன் முடிந்த பிறகு கணக்குப் பார்த்து எனக்கு வர வேண்டியதை அவர் தரட்டும். இதை எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

"என் கடன நான் மெஸ் வருமானத்துலயே கட்டுவேன், வாடகைல ஆளுக்குப் பாதி" என்றார்.

"முடியாது."

"அதெப்படி முடியாது?"

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் முதல் மூன்று வருடம் என் வழி, அதற்குப் பிறகு அவர் வழி என்று முடிந்தது. கூடவே அவர் ஒன்று சேர்த்தார்: மதியச் சாப்பாடு எனக்கு மெஸ்ஸில், அதற்குக் காசு என்று பேசினால் வீடே வேண்டாம்.

இப்படி வாய் வலிக்கச் சண்டை போட்டு எத்தனை வருடமாயிற்று.

மார்ச் 28, வெள்ளி

பத்து நாளாக மெஸ்ஸிலேயே இருக்கிறேன். வங்கிக்கு வருமானக் கணக்கு வேண்டும். மங்களாவின் கணக்கு மூன்று வருட நோட்டுகளில் இருக்கிறது. "நீலச் சட்டை 40 பாக்கி", "ஐயப்ப சாமி தம்பி 2 தோசை" என்று. அதையெல்லாம் வங்கிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு மூலம் வந்த வரவையும் மாதவாரியாகப் பிரித்தேன். அவர் நினைத்ததைவிட அதிகமாகவே சம்பாதித்திருக்கிறார். சொன்னபோது நம்பவில்லை. மறுபடி கூட்டிக் காட்டினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கடன் கிடைத்துவிட்டது. கேசரி செய்தார். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கடன் கிடைத்த செய்தி அபிராமியின் போனுக்குப் போயிருக்கிறது. மங்களா கணக்கு தொடங்கியபோது மகள் நம்பரைத்தான் கொடுத்திருந்தாராம். எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவேயில்லை.

பதினைந்து லட்சம் கடன் என்றதும் அம்மாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பயந்து, காலை ரயிலில் அவளும் நாதனும் வந்து இறங்கினார்கள். நேராக மெஸ். அங்கே நான் கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா?" என்றான் நாதன்.

சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மங்களா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். மேலே அறைக்குப் போனோம். எல்லாவற்றையும் சொன்னோம்.

நாதன் என் பக்கம் திரும்பினான். "எஃப்டின்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"வேண்டாம்னு நேரா சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும். நீ பிறந்ததுலருந்து உன்கிட்ட அந்த வார்த்தைய நான் சொன்னதில்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." கையிலிருந்த டோக்கன் கட்டைக் கீழே வைத்தேன். "இப்ப சொல்லுதேன். அந்தப் பணத்தத் தர மாட்டேன். வில்லிவாக்கம் வீட்டையும் விக்க மாட்டேன். உன் வீட்டுக்கு விருந்தாளியா வருவேன், பத்து நாள் இருப்பேன், திரும்பிருவேன். உன் மேல கோபம் ஒண்ணும் கிடையாது."

கீழே யாரோ அப்பளம் கேட்டார்கள்.

அபிராமிதான் முதலில் வாயைத் திறந்தாள். "பதினெட்டாவது மாடி எனக்கும் பிடிக்கலங்க. உங்க ஆசைக்காகத்தான் சரின்னேன்." பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். "நீ ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பணம் அனுப்புவ. அதான்" என்றார் மங்களா.

நாதன் பத்திர நகல்களைக் கேட்டான். ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வேகம் முதல் பத்துப் பக்கம் இருந்தது. பிறகு அது போய்விட்டது. கடைசியில் நான் போட்டிருந்த கணக்குத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நூத்துக்கு அஞ்சே முக்காலா? இந்த ஊர்லயா?" என்றான்.

மதியம் சாப்பிடாமல் கிளம்புகிறேன் என்றவன், இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. ரயிலேறும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். அது போதும்.

ஏப்ரல் 23, புதன்

பதிவு முடிந்தது. பெயர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். உலகம்மாள், மங்களாம்பிகை. போட்டோ எடுக்கும்போது மங்களா சிரித்தார். சிரிக்கக் கூடாது, நேராகப் பாருங்கள் என்றார்கள். மறுபடி சிரித்தார். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

மே 4, ஞாயிறு

வண்ணம் அடிக்கிறார்கள். வெள்ளை. நாதன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து குழாய் ரிப்பேர்க்காரரோடு நாள் முழுக்க நின்றான். திரும்பிப் போகும்போது சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

மே 18, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் எழுந்து, கல்யாணமாகாத பெண்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது, நேரங்கெட்ட நேரத்தில் வருவார்கள் போவார்கள் என்றார்.

மங்களாவுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

"அவங்க நேரங்கெட்ட நேரத்துல போறது ஆஸ்பத்திரிக்கு. நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ நெஞ்சு வலின்னா அந்த நேரத்துல அங்க முழிச்சிருக்கப் போறது அவங்கதான். வாடகை ஒப்பந்தம் போட்டாச்சு. மாத்துற எண்ணம் இல்ல."

உட்கார்ந்தேன். மேல் வீட்டு அம்மா ஒருவர் "சரியாத்தான சொல்றாங்க" என்றார். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். தண்ணீர் மோட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

நான்கு பெண்களும் குடிவந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு வாளி. மார்த்தாண்டத்துப் பெண் பெல்சி இவர்களுக்கெல்லாம் மூத்தவள், இருபத்தாறு வயது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "எட்டு வருசமா எனக்குன்னு ஒரு ஜன்னல் கிடைச்சதில்ல அம்மா" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

காலை பத்து மணிக்கு மங்களாவின் போன் நான்கு முறை ஒலித்தது. ஆறாயிரம், ஆறாயிரம், ஆறாயிரம், ஆறாயிரம். தவணைக்குப் போக மீதியை என் கணக்குக்கு அனுப்பினார். சங்கத்துக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டுமே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கும் ஒரு சண்டை போட்டோம். பாதிப் பாதி.

ஜூன் 8, ஞாயிறு

பெல்சி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். மங்களா காலையிலிருந்தே தவித்தார். "வெறுங்கையோட எப்படிப் போறது, ஒரு பாத்திரம் பிரியாணி எடுத்துக்கலாமா?" என்று மூன்று முறை கேட்டார். வேண்டாம், அவர்கள் வீட்டுக்கு நாம் விருந்துக்குப் போகிறோம் என்றேன். அவர்கள் வீடு என்று சொன்னது எனக்கே பிடித்திருந்தது. கடைசியில் வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டோம்.

வீடு முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனை. நான்கு பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைக்காது. இரண்டு பேர் டூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார்கள், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் சோறும் செய்திருந்தார்கள். புதுத் தட்டுகள், விலைச் சீட்டுகூட இன்னும் பிய்க்கவில்லை.

மங்களா நேராகச் சமையலறைக்குப் போனார். பெல்சி அவர் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தாள். "அம்மா, நீங்க இங்க இருங்க. இன்னைக்கு நாங்கதான் விளம்புவோம்." பரிமாறுவதை அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்களாம்.

பாயில் உட்கார்ந்தார். முழங்காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார்கள், நீட்டிக்கொண்டார். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒரு பெண் சோறு போட்டாள், ஒரு பெண் குழம்பு ஊற்றினாள், இன்னொருத்தி தண்ணீர் வைத்தாள். பெல்சி எதிரிலேயே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவள் போல.

மங்களா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். மீனின் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டேயிருந்தார். தினம் இருநூறு பேர் சாப்பிடுவதை நின்றபடி பார்க்கிறவர். அவர் உட்கார்ந்து, ஒருவர் பரிமாற, முழுச் சாப்பாடு சாப்பிட்டதை இந்த ஐந்து மாதத்தில் நான் பார்த்ததில்லை.

"காரம் கூடிப்போச்சா அம்மா?" என்றாள் பெல்சி, பொறுக்க முடியாமல்.

மங்களா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. காரத்தினால் இருக்கலாம்.

"குழம்பு இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு அம்மா."

"அப்ப சோறு போடும்மா" என்று தட்டை நீட்டினார்.